பூண்டுப் பரணில் பதினோரு லேப்டாப்

அத்தியாயம் 14

சத்தியபிரியாவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. பல் விளக்கும்போதுகூட மனசு கிளாவரைக்குப் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கே தலைவாரி, ஸ்வெட்டர் மாட்டி, பையோடு வாசலில் நின்றாள்.

"பெரட்டுக்கு ஆள் நிக்கிற மாதிரியில்ல நிக்கிற," என்றார் அப்பா பெரியண்ணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிட்டு ஆளெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பத்து வயதில் கப்பலேறி வந்து செண்பகனூரில் கால் ஊன்றியவர். தோட்டம் போய் ஐம்பது வருஷம் ஆகியும் அந்தச் சொல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"மொத பஸ்ஸ விட்டா அடுத்தது மத்தியானம்தான்ப்பா."

"போயிட்டு வா. ஆனா சாயங்காலம் வரும்போது கையில கடிதாசி இருக்கணும். இல்லேன்னா புதன்கெழம வெள்ளனே திருப்பூர் பனியன் கம்பெனி வேன் வந்து நிக்கும். இந்த வீட்டுல இருந்து ஒரு ஆள் வரும்னு ஏஜென்டுகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"கடிதாசியோடதான் வருவேன்."

சொல்லிவிட்டாள். சொல்வதில் அவளை மிஞ்ச அந்த வீதியில் ஆள் கிடையாது.

அது என்ன கடிதாசி என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்கலாம். கிளாவரையில் பெண்கள் நடத்தும் பூண்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. சங்கக் கட்டிடத்தில் ஒரு கணினி அறை திறந்து, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் சங்கத்தின் எழுத்து வேலையைப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். கணினி அறிவியல் படித்துவிட்டு மூன்று வருஷமாக ஹோட்டல் வரவேற்பறையில் சிரித்துச் சிரித்து வாய் வலித்துப்போன பிரியாவின் காதில் அது விழுந்தது. சங்கத் தலைவி இருளாயி போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"இஸ்கூல்ல பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடுத்த லேப்டாப்பு பதினொண்ணு எங்க வீடுகள்ல சும்மா கெடக்கு பாப்பா. ஒரே நாள்ல அதுகள ஓட வச்சுக் காட்டு. அன்னைக்கே வேலைக்கு வான்னு கடிதாசி குடுத்துருவோம்."

"அதெல்லாம் வெரசா முடிச்சிரலாம்க்கா," என்றாள் பிரியா, ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல்.

இந்தச் சங்கத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னது தேவகுமாரி அத்தை. பெரியண்ணனின் தங்கை. மேல்வீதியில் சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறவள், வருஷம் தவறாமல் இருளாயியிடம்தான் பூண்டு வாங்குவாள். அதே அத்தைதான் பிரியாவின் அண்ணன் சிவராமனோடு இரண்டு வாரமாகப் பேச்சில்லாமல் இருக்கிறாள்.

சண்டை சென்ற வாரம் படித்ததுதான். சிவராமன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். காசு கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேரை யாரோ பூட்டு உடைத்து இணையத்தில் போட்டிருப்பார்கள் அல்லவா, அதை எடுத்து ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுப்பான். அத்தையின் கணினியிலும் போட்டோ சரிசெய்யும் சாப்ட்வேர் ஒன்றை அப்படி ஏற்றினான். அதற்குள் ஒளிந்து வந்த வைரஸ், அத்தை மகள் கல்யாணப் படம் அத்தனையையும் ஒன்று விடாமல் பூட்டிவிட்டது. அத்தை கடை வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். பிரியாவாவது சும்மா இருந்திருக்கலாம். "காசில்லாம நேர்மையாவே நல்ல சாப்ட்வேரு கெடைக்கும்போது ஏண்ணே திருடிப் போடுற?" என்று வாடிக்கையாளர்கள் நடுவே கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் சோறு தின்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பஸ் பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி, வளைந்து வளைந்து போனது. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நான்கு பென் டிரைவ் இருந்தன. பிரியா அதை மடியில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் இருந்தது. விண்டோஸ் பார்க்கிற வேலையைப் பார்க்கும், கிழட்டுக் கணினியிலும் இரைக்காமல் ஓடும். கடிதம் எழுதவும் பட்டியல் போடவும் லிப்ரே ஆபீஸ். எந்த வீடியோவைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்ட விஎல்சி. படத்தைத் திருத்த கிம்ப், பூண்டுப் பைக்கு லேபிள் வரைய இங்க்ஸ்கேப். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு எண்ணும் எழுத்தும் சொல்லித்தர ஜிகாம்ப்ரிஸ். எல்லாம் உலகத்தில் யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தவை. அவளுடைய செல்லம் மட்டும் தனி: கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியா மொத்தத்தையும் இணையமே இல்லாமல் படிக்கலாம். கிளாவரை மாதிரி ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சங்கக் கட்டிடத்தில் இருபது பெண்கள் கூடியிருந்தார்கள். லேப்டாப்புகள் சாக்கில் வந்து இறங்கின. முதல் சாக்கை அவிழ்த்ததும் பிரியாவுக்குத் தும்மல் வந்தது.

"என்னக்கா, எல்லாத்துலயும் பூண்டு வாசம் அடிக்குது?"

"பரண்லதான இருந்துச்சு," என்றாள் இருளாயி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் உண்டு. அறுத்த பூண்டை அதில் பரப்பினால் அடுப்புப் புகை பட்டுப்பட்டு ஈரம் வற்றி, அழுகாமல் முளைக்காமல் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் காப்பாற்ற வேண்டிய எதுவும் அங்கேதான் போகும். விதைப்பூண்டு, பட்டா நகல், கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் படிப்பு முடித்த பிறகு லேப்டாப்.

"மழைக்காலத்துல எல்லாம் பூஞ்சை புடிச்சிருதுல்ல. அதான் அத்த மேல ஏத்தச் சொன்னாங்க," என்றாள் இருளாயியின் மருமகள் கண்மணி. ஒரு லேப்டாப் அவளுடையது. "என்னோடது ஆறு வருசமா அங்கதான் கெடந்துச்சு."

"நல்லாப் புகை போட்டு வச்சிருக்கோம். கெட்டிருக்காது," என்றாள் இருளாயி பெருமையாக.

பிரியா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினாள். சாம்பல் நிறத்தில் வந்த லேப்டாப்புகள் எல்லாம் கறுப்பாகி, விசைகள் பிசுபிசுத்துக் கிடந்தன. சார்ஜர் நான்குதான் தேறின, மற்றதை எலி தின்றிருந்தது. நல்லவேளை, பதினொன்றும் ஒரே ரகம், சார்ஜரை மாற்றி மாற்றிப் போடலாம்.

கண்மணியின் லேப்டாப்பைத் துடைத்து, மின்சாரம் கொடுத்து, பொத்தானை அமுக்கினாள். திரை வெளிச்சமானது. பெண்கள் எல்லாரும் முன்னால் நகர்ந்தார்கள்.

"எதத் தொறக்கன்னு இதுல ரெண்டு பேரு காட்டுமே," என்றாள் கண்மணி. "ஒண்ணு தெரிஞ்ச விண்டோஸ். இன்னொண்ணு என்னன்னு தெரியாது. நாங்க தெரிஞ்சதத்தான் அமுக்குவோம்."

"அந்தத் தெரியாத ஒண்ணு, நான் கொண்டாந்திருக்கிறதுக்குப் பங்காளி முறைக்கா. நீங்கதான் கண்டுக்காம விட்டுட்டீங்க."

பென் டிரைவைச் சொருகினாள். ஏறத் தொடங்கியது. நான்காவது நிமிடம் திரை கறுத்தது. தொட்டுப் பார்த்தாள், அடிப்பாகம் தோசைக்கல்லாகக் கொதித்தது. இன்னொன்றை எடுத்தாள், மூன்று நிமிடம். அடுத்தது இரண்டு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே காற்றாடி முழுக்கப் புகைக்கரி. சூடு வெளியே போக வழியில்லாமல் தன்னைத்தானே அணைத்துக்கொள்கின்றன. சாப்ட்வேர் எத்தனை நல்லதாக இருந்து என்ன, இவற்றைத் திருகு கழற்றிப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் ஒன்றும் ஆகாது. பிரிக்கிற கை அவளுக்கு இல்லை. அந்தக் கை உள்ளவன் அவளோடு பேசுவதில்லை.

ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில்தான் போனுக்கு சிக்னல் வரும். மூச்சு வாங்க ஏறிப்போய் சிவராமனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ரோஷத்தை முழுங்கிக்கொண்டு ஒரு செய்தி அனுப்பினாள்: 'அண்ணே, பதினொண்ணும் புகைக்கரி. எனக்குப் பிரிக்கத் தெரியல. வா.'

இறங்கி வந்தபோது இருளாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன் பாப்பா, தப்பா எடுத்துக்காத. இதெல்லாம் சும்மா குடுக்குறாங்கங்கற. சும்மா குடுக்குறவன் எதையோ மனசுல வச்சுக்கிட்டுத்தான குடுப்பான்?"

"நீங்க வெதப்பூண்டு குடுக்குறீங்களேக்கா, எத மனசுல வச்சுக்கிட்டுக் குடுக்குறீங்க?"

இருளாயி புருவத்தை உயர்த்தினாள். அந்த ஊர் வழக்கம் அது. விதைக்குப் பூண்டு இல்லாத வீட்டுக்கு இன்னொரு வீடு கொடுக்கும். திருப்பித் தர வேண்டியதில்லை, ஆனால் அடுத்த வருஷம் இன்னொருவர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது.

"வாங்குனவ மத்தவளுக்குக் குடுக்கணும். அவ்வளவுதான்."

"இதுவும் அவ்வளவுதான்க்கா. எழுதுனவங்க எப்படி எழுதுனோம்கிறதயும் தொறந்தே வச்சுட்டாங்க. நீங்க எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், யாருக்கு வேணா குடுக்கலாம். யாரும் கேஸ் போட மாட்டாங்க."

"அப்ப சரி. ஆனா மொதல்ல இது மொளைக்குதான்னு பாப்போம்," என்றாள் இருளாயி.

பன்னிரண்டரை மணிக்கு, பிரியா ஈர்க்குச்சியால் ஒரு லேப்டாப்பின் காற்றுத் துவாரத்தைக் குடைந்துகொண்டிருக்கும்போது வெளியே பைக் சத்தம் கேட்டது. முழங்கால் வரை சேறு தெறிக்க சிவராமன் வந்து நின்றான். தோளில் கருவிப் பை, அதன் வாயில் பழைய சார்ஜர்கள் கொத்தாகத் தொங்கின. உள்ளே வந்தவன் மூக்கை உறிஞ்சினான்.

"இதென்ன லேப்டாப்பா, கருவாடா?"

இரண்டு வாரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சிரித்தாள்.

"கடைய விட்டுட்டா வந்த?"

"கடையில ஒண்ணும் சோலி இல்ல. திருப்புளிய எடு."

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிவராமன் ஒரு லேப்டாப்பை ஆறு நிமிடத்தில் பிரித்து, காற்றாடியைத் தனியே எடுத்து நீட்டினான். பூண்டு ஆய்வதற்கு உட்காரும் வரிசையில் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டிக்கடையில் இருந்த பல் விளக்கும் பிரஷ் அத்தனையும் வாங்கி வந்தாயிற்று. ஒருத்தி கரியைத் தேய்ப்பாள், அடுத்தவள் ஊதுவாள், அதற்கடுத்தவள் பழைய பருத்திச் சேலைத் துணியால் துடைப்பாள். திருகாணிகள் கலந்துவிடாமல் லேப்டாப்புக்கு ஒரு கிண்ணம் என்று கண்மணி பதினொரு கிண்ணம் வைத்தாள். வருஷக்கணக்காகச் சின்னச் சின்னப் பல்லாக ஆய்ந்து பழகிய கைகள், எங்கேயும் அவசரப்பட்டு எதையும் உடைக்கவில்லை.

"எங்கடைக்கு வேலைக்கு வச்சா இப்படி ஆளுங்களத்தான் வைக்கணும்," என்றான் சிவராமன்.

"சம்பளம் கட்டுப்படியாகாது உனக்கு," என்றாள் ஒருத்தி, வரிசையே சிரித்தது.

முதல் லேப்டாப் மூடி மாட்டி நிமிர்ந்தது. பிரியா பென் டிரைவைச் சொருகினாள். நான்கு நிமிடம் தாண்டியது. பத்து தாண்டியது. அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்க்க ஆளுக்கு ஆள் கை நீட்டினார்கள். இருபத்திரண்டாவது நிமிடத்தில், பச்சை இலைச் சின்னத்தோடு திரை விரிந்து, தமிழில் 'நல்வரவு' என்றது.

"தமிழ்லயே பேசுது," என்றாள் கண்மணி மெல்ல.

பிரியா கிவிக்ஸைத் திறந்து அவள் முன் நகர்த்தினாள். "ஏதாவது தேடுங்க."

கண்மணி யோசிக்கவே இல்லை, 'பூண்டு' என்று அடித்தாள். பக்கம் வந்தது, படத்தோடு. சிக்னல் இல்லாத ஊரில், இணைய ஒயர் எதுவும் இல்லாமல். பின்னால் இருந்தவர்கள் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். இருளாயி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"இதுல நம்ம பரணப் பத்திப் போட்டிருக்கா?"

"இல்லேன்னா நீங்க சொல்லுங்கக்கா, எழுதிச் சேத்துரலாம். யாரு வேணா எழுதலாம்."

"நான் சொன்னா ஏத்துக்குவாங்களா?"

"ஆதாரம் காட்டணும். அதையும் தேடிப் புடிப்போம்."

இருளாயி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஒரு பிரஷ்ஷை எடுத்து வரிசையில் உட்கார்ந்தாள். பிரியாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

மூன்றரைக்குக் கரண்டு போனது. பேட்டரிகள் எப்போதோ செத்திருந்ததால், ஏறிக்கொண்டிருந்த மூன்றும் பாதியில் படுத்துவிட்டன. பெண்கள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து தேய்த்தார்கள். அரை மணி கழித்து விளக்கு எரிந்ததும் முதலிலிருந்து ஏற்றினார்கள். நேரம் ஓட ஓட பிரியா இங்கும் அங்கும் பறந்தாள். இரண்டு லேப்டாப் எவ்வளவு பார்த்தும் பிழைக்கவில்லை. சிவராமன் அவற்றின் நினைவகச் சில்லுகளைக் கழற்றி, மெதுவாக ஓடிய இரண்டுக்குச் சேர்த்தான். ஐந்தே முக்காலுக்கு மேசையில் ஒன்பது திரை வெளிச்சமாக நின்றது. ஒன்றில் ஒரு பெண் ஜிகாம்ப்ரிஸ் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள், தன் பேத்திக்காகப் பழகுகிறாளாம்.

"பதினொண்ணும் எந்திரிக்கலக்கா," என்றாள் பிரியா தயங்கி.

"பதினொண்ணுல ஒம்போது. எங்க பூண்டே அவ்வளவு தேறாது. கண்மணி, எழுதுடி கடிதாசிய."

லிப்ரே ஆபீஸில் கண்மணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். திருமதி இருளாயி, தலைவி. செண்பகனூர் பெ. சத்தியபிரியா அவர்களை எங்கள் கணினி அறைக்கு ஆசிரியராக அடுத்த திங்கள் முதல். பிரியா அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"பாத்தியா, பூட்டு ஒடைக்காமலே ஓடுதுல்ல?"

சிவராமன் ஒன்பது திரைகளையும் பார்த்தான். "கதவு தொறந்து கெடந்த வீட்டுக்கு இத்தன வருசமாப் பூட்ட ஒடைச்சிருக்கேன் போல," என்றான். பிறகு திருப்புளிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்: "நீ இனி நிம்மதியா இரு பிரியா. புதன்கெழம வேன்ல நான் போறேன்."

"எங்க?"

"திருப்பூருக்குத்தான். அப்பா வாக்குக் குடுத்திருக்காருல்ல, வீட்டுல இருந்து ஒரு ஆள்னு. அத்த விசயம் ஊரெல்லாம் தெரிஞ்ச பெறகு கடைக்கு ஒரு ஆளு வரல. சனிக்கெழமையே சாவிய ஓனருகிட்டக் குடுத்துட்டேன்."

அதுவரை அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்த சந்தோஷம் பொசுக்கென்று இறங்கியது. அவள் போகாமல் இருப்பதற்காக நாள் முழுக்கக் கரியில் கை வைத்தவன், தான் போவதை மனதில் வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறான்.

"அக்கா," என்று இருளாயியிடம் திரும்பினாள். "அந்தக் கடிதாசியில இன்னொரு பேரு சேக்க முடியுமா? இந்த ஒம்போதும் நாளைக்கே திரும்பக் கரி புடிக்கும். பாத்துக்க ஆள் வேணும். பூண்டி, கவுஞ்சின்னு மலையெல்லாம் இப்படித்தான் பரண்ல கெடக்கும்."

"என் பேரச் சேக்காதீங்க," என்றான் சிவராமன் உடனே. "திருட்டு சாப்ட்வேரு போட்டு அத்த மக கல்யாணப் படத்தத் தொலைச்சவன் நான். என் பேரு இருந்தா இவ கடிதாசியும் நிக்காது."

கண்மணியின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. இருளாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தேவகுமாரி சொன்ன ஆளு நீதானா? அழுதுட்டே சொன்னா." கொஞ்சம் யோசித்தாள். "உன் வேலைய நான் கண்ணால பாத்துட்டேன் தம்பி. ஆனா அவ எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. அவ வாயால சரின்னு வரட்டும், பேரப் போடுறேன்."

பிரியா காத்திருக்கவில்லை. அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். அவன் வேண்டாம், அப்பாவோட வாக்கு இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான், அதை அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன் என்றாள் அவள். மேலே போனதும் போன் போட்டாள். மூன்றாவது மணியில் அத்தை எடுத்தாள்.

"கடிதாசி கெடைச்சிருச்சா பிரியா?"

"கெடைச்சிருச்சு அத்த. அண்ணன் வந்துதான் முடிச்சுக் குடுத்தான். ஆனா அவன் புதன்கெழம திருப்பூருக்குப் போறானாம். கடையையும் விட்டுட்டான். இங்கயே அவனுக்கும் வேலை இருக்கு அத்த, நீங்க சரின்னு சொன்னாத்தான் குடுப்பாங்களாம்."

மறுமுனையில் அத்தை ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பய அங்கதான் நிக்கிறானா?" என்றாள் அத்தை.

"பக்கத்துலதான் நிக்கிறான் அத்த."

"போன அவன்கிட்டக் குடு."

பிரியா போனை நீட்டினாள். சிவராமன் கரி படிந்த இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிக் காதில் வைத்தான்.